முதல் சிரிப்பின் உப்பு

அமெரிக்கப் பழங்குடி நவஹோக்களான எங்கள் மண்குடிலின் கிழக்கு வாசல் வழியாகக் காலை வெயில் தரையில் விழுந்து கிடக்கிறது. தங்கை வெர்னாவின் குழந்தை மூன்று நாளைக்கு முன்புதான் முதன்முதலாகச் சிரித்தது. சிரிக்க வைத்தவர் எங்கள் அண்ணன் லீலண்ட். எங்கள் வழக்கப்படி, குழந்தையை முதலில் சிரிக்க வைத்தவரே விருந்து போட வேண்டும். அவருடைய குணம்தான் குழந்தைக்கு வரும் என்பார்கள். "அது சிரிப்பில்ல, ஏப்பம்" என்று மூன்று நாளும் சாதித்த அண்ணன், பெட்ரோல் பங்கில் வாங்கிய ஒரே ஒரு ரொட்டிப் பாக்கெட்டோடு வந்திருக்கிறார். ஆட்டை வெர்னாவே அறுத்தாள். கறியில் பெரிய துண்டு அவர் தட்டில் இருக்கிறது; மெல்லும் சத்தம் மட்டும் தாராளமாகக் கேட்கிறது. குழந்தை கொடுத்துப் பழகட்டும் என்று வெர்னா அதன் பிஞ்சுக் கையைப் பிடித்து ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் கல்லுப்பு வைக்கிறாள். வாங்கியவர்கள் நாக்கில் போட்டுக்கொண்டு குழந்தையை வாழ்த்துகிறார்கள். கடைசியாக அண்ணனிடம் வந்ததும் மிச்ச உப்பு முழுவதையும் அவர் கையில் கவிழ்க்கிறாள். "பிடிண்ணே. குடுக்கறதுன்னா எப்படின்னு எம்புள்ளகிட்ட கத்துக்க." அண்ணன் ஒரு கல்லைக்கூட வாயில் போடாமல், மொத்தத்தையும் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கிறார். "நல்லதாப் போச்சு. வீட்டுல உப்பு தீந்துடுச்சு" என்கிறார்.