இடி மாஸ்டர் வீட்டுப் பூனை

"கிளட்சை மெதுவா விடும்மா... இன்னும் கொஞ்சம்... ம், அவ்வளவுதான்!"

ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த நர்ஸ் ஓரக்கண்ணால் பக்கத்து சீட்டைப் பார்த்தாள். அதே முறுக்கு மீசை, அதே மூக்குக் கண்ணாடி. ஆள் மாறவில்லை. குரல்தான் யாரிடமோ இரவல் வாங்கியது போலிருந்தது.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் இவருக்கு ஊர் வைத்த பெயர் இடி மாஸ்டர். இவர் 'பிரேக்!' என்று கத்தினால் எதிரே வருகிற வண்டியும் சேர்ந்து நிற்கும் என்பார்கள். போன வருடம் இவரிடம் வாங்கிய திட்டு தாங்காமல் சிக்னலில் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, அழுதபடியே வீட்டுக்கு நடந்தவள் அவள். பிறகு வேறு இடத்தில் கற்றுக்கொண்டு மூன்று முறை டெஸ்ட்டில் கோட்டை விட்டாள். "மாஸ்டர் இப்போ பழைய ஆள் இல்லடி" என்று கூட வேலை பார்ப்பவள் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னதால்தான் திரும்ப வந்திருக்கிறாள்.

நாளைக் காலை நாலாவது டெஸ்ட். நடமாட முடியாத நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் வேலை அவளுக்கு வந்திருந்தது. கார் ஆஸ்பத்திரியே தரும். லைசென்ஸ் அவள்தான் கொண்டுவர வேண்டும். நாளையும் தவறினால் வேலை அடுத்தவளுக்குப் போய்விடும்.

அந்தப் பயத்திலேயே ரிவர்ஸ் எடுத்தாள். கார் 'டொக்'கென்று ஓரக் கல்லில் மோதியது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இடி விழவில்லை.

"பரவாயில்லம்மா. இன்னொரு தடவை எடு."

"மாஸ்டர்... உங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"

அவர் சிரித்துவிட்டார். "கல்லு மாதிரி இருக்கேன். எல்லாம் எங்க வீட்டு வாண்டு கொடுத்த டிரெய்னிங்."

"பேரனா?"

"பூனைக்குட்டி."

எஞ்சினை அணைத்துவிட்டு அவளிடம் திரும்பி உட்கார்ந்தார்.

"என் வீட்டுக்காரி எங்கிருந்தோ தூக்கிட்டு வந்தா. வந்த அன்னிக்கே என் ஷூவுக்குள்ள ஒண்ணுக்குப் போயிடுச்சு. நான் கத்தின கத்துல பக்கத்து வீட்டுக்காரங்க ஓடி வந்துட்டாங்க. அது பாட்டுக்கு உக்காந்து முகத்தைத் தொடைச்சுக்கிட்டிருக்கு! மூணு நாள் தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினேன். ம்ஹூம். கொழுப்பைப் பாரேன்!"

"அப்புறம்?"

"'ஒரு வாரம் கத்தாமத்தான் சொல்லிப் பாருங்களேன்'னா அவ. சரி, அதையும் பார்த்துடுவோம்னு அது ஒண்ணுக்குப் போக வச்ச மணல் தட்டு பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்தேன். அது காலைப் பிடிச்சு மணலைக் கிளறிக் காட்டி, 'இங்கதான் கண்ணு, இங்கதான்'னு மெதுவாச் சொன்னேன். நாலாம் நாள் தானாப் போச்சு! தப்புப் பண்றப்ப திட்டினா எதுக்குத் திட்டறோம்னே அதுக்குப் புரியறதில்லம்மா. சரியாப் பண்றப்ப ஒரு தடவு தடவிக் கொடுத்தா மறக்கறதே இல்ல. அதுவும் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம்தான். மேல போனா அதுக்கும் அலுப்பு, நமக்கும் கடுப்பு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எத்தனை பேரை அழ வச்சிருக்கேன் நான்! மெல்லப் பேசினா ஒரு பூனையே கேக்குது, மனுஷங்க கேக்க மாட்டாங்களா? அன்னிக்கு நீ இறங்கிப் போனது இன்னும் மனசுல கிடக்கு. மன்னிச்சுடும்மா."

அவள் சாவியில் கை வைத்தாள். "வண்டியை எடுக்கட்டுமா மாஸ்டர்?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் டெஸ்ட்டில், மேட்டில் ஏறும்போது வண்டி அணைந்துவிட்டது. மற்ற நாளாக இருந்தால் அத்தோடு எல்லாம் போச்சு என்று உட்கார்ந்திருப்பாள். இன்று 'பரவாயில்லம்மா, இன்னொரு தடவை எடு' என்று மாஸ்டர் பக்கத்தில் இருந்து சொல்வது போலிருந்தது. எடுத்தாள். பாஸ்!

அன்று மாலையே மாஸ்டர் வீட்டு வாசலில் நின்றாள். கையில் பூனைக்குட்டிக்கென்று வாங்கிய பந்து. உருட்டினால் உள்ளே மணி ஒலிக்கும்.

"எனக்கெதுக்கும்மா நன்றி? அதோ சோபாவுல காலை நீட்டித் தூங்கறாரே துரை, அவருக்குச் சொல்லு. இரு, டீ போட்டுட்டு வரேன்" என்று மாஸ்டர் சமையலறைக்குள் போனார். இடி மாஸ்டர் டீ போடுகிறார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னால் ஒருத்தியும் நம்ப மாட்டாள்.

வெள்ளை வெளேரென்றிருந்த குட்டியின் பக்கத்தில் மண்டியிட்டாள். "ரொம்ப தேங்க்ஸ்டா செல்லம். நீ இல்லேன்னா எனக்கு இந்த வேலையே இல்ல" என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

எழுந்து விளையாடட்டுமே என்று பந்தை அதன் தலைமாட்டில் ஆட்டினாள். மணி கலகலத்தது. குட்டி அசையவில்லை. பலமாக ஆட்டினாள். காது மடல்கூடத் துடிக்கவில்லை. நர்ஸ் ஆயிற்றே, சந்தேகம் வந்துவிட்டது. காதுக்குப் பின்னால் விரலைச் சொடுக்கிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, சோபாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த மாஸ்டரின் மனைவியைப் பார்த்தாள்.

அந்த அம்மாள் பதறிப்போய்ப் பந்தைக் கையால் பொத்தினாள். சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கிட்டே குனிந்தாள்.

"பிறவியிலேயே காது கேக்காதும்மா, முதல் வாரமே டாக்டர் சொல்லிட்டாரு. அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதே... கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல, இந்த ஆறு மாசமாத்தான் எங்கிட்ட மெதுவாப் பேசறாரு."