நீரிணையைக் கடந்த தலைவர்

நடுக்கடலில் உல்லாசப் படகு ஓட்டையானதும் அதிலிருந்த பேசும் தானியங்கிப் பாதுகாப்புப் பெட்டி கோமளவல்லிக்கு உயிர்காப்பு ஜாக்கெட் கொடுத்தது. கணவர் தில்லைநாயகத்துக்குக் கொடுக்கவில்லை.

“ஐயா பாக் நீரிணையை நீந்திக் கடந்தவர். படகு கிளப் படிவத்தில் தாங்களே எழுதியது,” என்றது பெட்டி. “தவறென்றால் சொல்லுங்கள். உறுப்பினர் அனைவருக்கும் திருத்தம் போகும்.”

கிளப் தலைவர் தில்லைநாயகம் யோசித்தார். தண்ணீர் இடுப்புக்கு ஏறியது.

“குளியல் தொட்டியில கால் வைக்கவே நடுங்குவீங்க. சொல்லித் தொலைங்களேன்,” என்றாள் கோமளவல்லி.

“ஞாயித்துக்கிழமை எனக்குப் பாராட்டு விழாடி.”

“அதே பந்தல்ல இரங்கல் கூட்டம் நடத்திக்கிறோம்.”

தண்ணீர் கழுத்தைத் தொட்டதும் தலைவர் இறங்கிவந்தார்.

“பாதி தூரம்தான் நீந்தினேன்.”

பெட்டி உடனே ஒரு ஜாக்கெட்டை நீட்டியது. அதில் பாதிக் காற்றுதான் இருந்தது.