ஃபிலிஸின் மகள் பிறந்த தேதி

"பிறந்த தேதியைச் சொல்லும்மா" என்றார் வக்கீல் எலியாகிம் மார்ஷ், இறகுப் பேனாவை மையில் தோய்த்தபடி. ஊரின் பிறப்புப் பதிவேடும் அவர் பொறுப்பில்தான் இருந்தது.

"நாலாந்தேதிங்கய்யா" என்றாள் ஃபிலிஸ். மூன்று வாரக் குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

அவளுடைய எஜமான் காரெட் ரைக்கர் சிரித்துவிட்டார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை மனுஷன்.

"நல்லா இருக்கே கதை. நாலாந்தேதி இவ பிள்ளைய முதுகுல கட்டிக்கிட்டு, அறுப்புக்காரங்களுக்கு ரொட்டி தூக்கிட்டு வந்தா. பொறந்தது ரெண்டாந்தேதி, வக்கீலய்யா. வேணும்னா மருத்துவச்சியக் கேளுங்க."

கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஃபிலிஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

வெறும் இரண்டு நாள். அந்த ஆண்டு ஜூலை நான்காம் தேதியோ அதற்குப் பிறகோ அடிமைத் தாய்க்குப் பிறக்கும் பெண்ணுக்கு இருபத்தொரு வயதில் விடுதலை. அதற்கு ஒரு நாள் முந்திப் பிறந்தாலும் சாகிறவரை அடிமைதான். அதுதான் புதுச் சட்டம்.

மாகாணச் சட்டசபையில் அதை எழுதிக் கொண்டுவந்து, உறுப்பினர்கள் வீடு வீடாக ஏறி இறங்கி, இரண்டே வாக்கு வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தவர் மார்ஷ். அந்த வட்டாரத்துக் கறுப்பர்கள் பிள்ளைகளுக்கு எலியாகிம் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

பேனா முனையில் மை காய்ந்தது. மறுபடி தோய்த்தார். பதிவேட்டில் அவர் இதுவரை ஒரு பொய் எழுதியதில்லை. ஒரே ஒரு பொய் அகப்பட்டால் போதும், அடுத்த கூட்டத்தில் சட்டத்தையே தூக்கிக் கடாச ஆட்கள் காத்திருந்தார்கள். ரைக்கரின் மச்சான் அவர்களில் ஒருவர்.

"சட்டத்தையே நீங்கதான எழுதுனீங்க" என்றாள் ஃபிலிஸ், மெல்ல. "ஒரு தேதிய மாத்த ஒங்களால ஆவாதாய்யா?"

மார்ஷ் பதிவேட்டின் மேல் குனிந்தார். ஜூலை 2 என்று எழுதினார். ஈர மை காய்வதற்கு மணலைத் தூவி, ஊதினார்.

அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை. குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, ரைக்கருக்குப் பின்னால் படியிறங்கிப் போனாள்.

மார்ஷ் ஜன்னலருகில் போய் நின்றார். கூப்பிட்டு ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.

சட்டத்தின் முதல் வரைவில் ஜூலை ஒன்று என்றுதான் இருந்தது. நாடு சுதந்திரம் பெற்ற நாளாகவே இருந்தால் எடுப்பாக இருக்குமே என்று தோன்றி, சபையில் எழுந்து நின்று, அதை அடித்து நான்கு என்று மாற்றியவர் அவர்தான்.

அப்படி மாற்றச் சொல்லி யாருமே அவரைக் கேட்கவில்லை. சபை மட்டும் வெகுநேரம் கைதட்டியது.