பதினாலாம் நம்பர் ஸ்பேனர்

“போன வாரம் பன்னெண்டு, முந்தாநாள் பதிமூணு. இன்னைக்கு என்னம்மா, பதினாலா?”

மேலப்பாளையம் பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஹெப்ரான், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரைஹானத்தைப் பார்த்தார்.

“ஆமா அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரவிய வண்டிக்கு பதிமூணு ஏறலை.”

“அவரு வந்து பாத்து வாங்கக் கூடாதா?”

“கையெல்லாம் கிரீஸா இருக்குங்காவ.”

“அப்படி என்ன வண்டி அது?”

“மாமாவோட பழைய பி.எஸ்.ஏ. பைக். ஐம்பத்திரண்டு மாடலாம்.”

ஹெப்ரான் தலையில் அடித்துக்கொண்டார். “இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா! அது இங்கிலாந்து வண்டிம்மா. மில்லிமீட்டர் ஸ்பேனர் ஒண்ணும் சேராது. பதிமூணு ஏறாது, பதினாலு ஆடும். அதுக்கு விட்வொர்த்னு தனி அளவு.”

உள்ளே போய் எதையோ உருட்டி, தூசி தட்டி ஒரு ஸ்பேனரைக் கொண்டுவந்து வைத்தார்.

“கால் இஞ்சுன்னு போட்டிருக்கு பாத்தியா? வாயை அளந்தா அரை இஞ்சுக்கு மேல வரும். உள்ள போற போல்ட்டோட கனத்தைத்தான் இதுல எழுதுவான் வெள்ளைக்காரன். அது தெரியாமத்தான் எல்லாரும் முழிப்பாங்க.”

ரைஹானத் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது கச்சிதமா உக்காருமா அண்ணாச்சி?”

“விரல்ல மோதிரம் கணக்கா உக்காரும். ரெண்டே நாள்ல வண்டி கிளம்பிரும் பாரு.”

“பதினாலு?”

“சும்மா ஆடும். முக்கித் திருகினா நட்டு மழுங்கிரும்.”

“அவிய முக்க மாட்டாவ. அவிய வாப்பா ஓட்டின வண்டில்லா.” அவள் விட்வொர்த்தை மெதுவாக மேஜையில் வைத்தாள். “அப்போ பதினாலே தாங்க.”

“ஏம்மா, நான் இம்புட்டு நேரம் யாருக்குச் சொன்னேன்?”

ரைஹானத் குரலைத் தாழ்த்தினாள். “வண்டி ஓடின மறுநாளே சார்ஜாவுக்கு டிக்கெட் போட்டிருவேன்னு சொல்லியிருக்காவ அண்ணாச்சி. கல்யாணமாகி ஆறு வருசம். சேந்தாப்புல நாங்க ஒண்ணா இருந்தது இந்த நாலு மாசந்தான்.”

ஹெப்ரான் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். பதினாலை எடுத்துத் தாளில் சுற்றினார்.

“அடுத்த வாரம் வாம்மா, பதினஞ்சு தாரேன்” என்றார்.

வீட்டுக் கொல்லையில் தாவூது பைக்கின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். மனைவி நீட்டிய ஸ்பேனரை வாங்கி நட்டில் மாட்டினான். கடகடவென்று ஆடியது.

“இதுவும் சேரலியே ரைஹானத்!”

“எனக்கு என்ன தெரியும் மச்சான்? கடைக்காரவிய குடுத்ததை வாங்கியாந்தேன்.”

“சரி விடு. அடுத்த வாரம் வேற அளவு பாப்போம்.”

“டீ போடுதேன்” என்று சமையலறைக்குள் ஓடிய பிறகுதான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

தாவூதின் போன் அடித்தது. சார்ஜாவிலிருந்து சூப்பர்வைசர்.

“எப்பம்லே வருவ?”

“வண்டி முடியலையே அண்ணாச்சி. அதை ஓட்டிக் காட்டிட்டுத்தான் கிளம்புவேன்னு உம்மாகிட்ட வாக்கு குடுத்திருக்கேன். என்ன செய்ய, இந்த ஊர்ல அதுக்குச் சரியான ஸ்பேனரே கெடைக்க மாட்டேங்கு.”

போனை வைத்துவிட்டு எழுந்தான். அடுப்படியை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டான். அறைக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து, வரும்போதே சார்ஜாவில் வாங்கி வந்திருந்த முழு விட்வொர்த் ஸ்பேனர் செட்டைத் துணிகளுக்கு அடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தான்.