பச்சைப் பொட்டலம்

தைவானின் தைனான் நகரத்துப் பல் கிளினிக்கில், நாற்காலியில் சாய்ந்திருப்பவரின் திறந்த வாய்க்குள் மதிய வெயில் விழுகிறது. காலையில் அப்டேட் ஆனதிலிருந்து கணினி பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருக்கிறது. எக்ஸ்ரே திறக்க மறுக்கிறது. “மக்கர் பண்ணக் கூடாதுன்னு ஊர் வழக்கப்படி கம்ப்யூட்டர் மேல காவலுக்கு வச்ச பச்சைச் சோளப்பொரிப் பொட்டலத்தைத் தின்னது யாரு?” என்று நர்ஸ் ஷூஃபென் சீறுகிறாள். டாக்டர் ஹுங்கின் வெள்ளைக் கோட்டில் சோளப்பொரித் துகள். “பசிச்சுது, அக்கா.” பழுதுபார்க்க வந்த யிஜுன் சிரிக்கிறாள். “பொட்டலத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நீங்க மாத்தின புது பாஸ்வேர்டை அடிக்கிறீங்க, உள்ள இருக்கிற பூட்டு இன்னும் பழசு. பழசை ஒரு தடவை குடுத்தா அடங்கிடும்.” டாக்டர் பழைய பாஸ்வேர்டை அவள் காதில் முணுமுணுக்கிறார். அவள் விரல்கள் தடதடவென ஓடி, எண்டருக்கு மேல் நின்றுவிடுகின்றன. ஷூஃபென் ஓடிப்போய்ப் புதுப் பொட்டலம் வாங்கி வந்து கணினி மேல் வைக்கும்வரை, யிஜுன் அதை அழுத்துவதாக இல்லை.