குளத்துக்கு வராத எருமை

ஓர் எருமையின் முதுகிலேயே குடித்தனம் நடத்தி வந்தது ஒரு மைனா. திடீரென்று எருமை குளத்துக்குப் போவதை நிறுத்திவிட்டு, கொட்டகையோரம் படுத்தே கிடந்தது. மைனாவுக்குக் கோபம் வந்தது.

"புல் இருக்கு, தண்ணி இருக்கு. உனக்கு என்ன குறை? எழுந்திரு, சோம்பேறி!"

"குறை ஒண்ணும் இல்லை," என்றது எருமை. "வெயில் அடிக்குது, மழை பெய்யுது. எல்லாம் வேற யாருக்கோ நடக்கிற மாதிரி இருக்கு."

கண்ணோரம் மொய்த்த ஈக்களை விரட்டக்கூட எருமை தலையை அசைக்காததை மைனா அப்போதுதான் கவனித்தது. இது சோம்பல் இல்லை, நோவு என்று அதற்குப் புரிந்தது. திட்டுவதை விட்டுவிட்டு, அதன் கழுத்தில் உண்ணி பொறுக்கியது.

மறுநாள் கேட்டது: "குளம் வேண்டாம். அந்த வேப்பமரம் வரைக்கும் வர்றியா?"

எருமை எழுந்து நடந்தது. பாதி வழியில் படுத்துவிட்டது. "இவ்வளவுதான் முடியுது."

"சரி. நானும் இங்கேயே இருக்கேன்."

வெயில் சுட்டது. மைனா நகரவில்லை.

இப்படியே பல நாள் போனது. ஒரு காலையில் எருமை தானாகவே வாயைத் திறந்தது.

"இடது காது அரிக்குது. கொஞ்சம் கொத்தேன்."

மைனா அவ்வளவு சந்தோஷமாக அதுவரை எதையும் கொத்தியதில்லை.