ஆறாம் நிலை

தேர்வை ஒழித்துவிட்டு வகுப்பறை மதிப்பீடு வந்த நாளிலிருந்து, மலேசியாவில் கிள்ளான் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர் ரெங்கசாமிக்கு ஒரே கொள்கைதான்: எந்தப் பெயருக்கு நேரேயும் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. ஒன்று முதல் ஆறு வரை ஏதாவது ஒரு நிலை வேண்டும்.

மே மாதம் டிங்கிக் காய்ச்சலில் இறந்துபோன மாணவி ஷர்வினாவின் பெயரைப் பட்டியலிலிருந்து யாரும் எடுக்கவில்லை. ஆசிரியை கௌசலாவும் மாதாமாதம் எல்லோரோடும் சேர்த்து அவளுக்கும் நான்கு போட்டுவந்தார்.

நவம்பரில் தலைமையாசிரியர் வந்து நின்றார்.

"நாளைக்கு அதிகாரி வராரு, டீச்சர். நிலை போட்டா ஆதாரம் வேணும்லா. ஷர்வினா ஃபைலக் குடுங்க."

வேலை போயிற்று என்று நினைத்தபடி கௌசலா கோப்பைத் திறந்தார். ஜூன், ஜூலை, அக்டோபர் என்று பயிற்சித்தாள்கள் இருந்தன. ஷர்வினாவின் அதே சாய்ந்த கையெழுத்து. தாளுக்குத் தாள் பிழை குறைந்திருந்தது.

"இதுக்கா நாலு? ஆறு போடுங்க! மத்த பிள்ளைங்களுக்கே சொல்லிக்குடுக்கிற நிலைலா இது" என்றார், ஷர்வினாவின் இரங்கல் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் பேசியவர்.

கௌசலா ஆறு போட்டார்.

மறுநாள் காலை அவர் வகுப்புக்குள் நுழைந்தபோது யாரும் எழுந்து வணக்கம் சொல்லவில்லை. பிள்ளைகள் ஷர்வினாவின் மேசையைச் சுற்றி நோட்டுப் புத்தகங்களோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"கொஞ்சம் இருங்க டீச்சர்" என்றாள் ஒருத்தி, நிமிராமலே. "அவ இன்னும் சொல்லி முடிக்கல."